மாத்திரை போட்டாச்சா?

நாலு முறை மணி அடித்தும் டிரைவர் ஐயா போனை எடுக்கவில்லை. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற சத்து மாத்திரை இதய நோயைத் தடுக்குமா என்று ஓர் ஆராய்ச்சி. ஒரு தடவை மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில் பாதிப் பேருக்கு அசல் மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, தினமும் சாயங்காலம் போன் போட்டு விசாரிக்கும் அவளுக்கும் தெரியாது.

ஒரு காலத்தில் அவள் பட்டியலில் நாற்பது பேர் இருந்தார்கள். இப்போது ரிட்டயர்டு பஸ் டிரைவரான இவர் ஒருவர்தான். இவரும் கைவிட்டுவிட்டால் ஒண்டிக்கட்டையான அவளோடு பேச வீட்டில் குக்கரை விட்டால் ஆளில்லை.

ஐந்தாவது மணியில் எடுத்தார்.

"என்னம்மா, இன்னிக்கு ரெண்டு நிமிஷம் லேட்டு?"

"நீங்கதான் ஐயா லேட்டு! எடுக்கலைன்னதும் பயந்தே போயிட்டேன்."

"பாத்ரூம்ல இருந்தேன். அதுக்குக்கூட ஆராய்ச்சியில லீவு கிடையாதா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அச்சடித்த படிவங்கள் எப்போதோ தீர்ந்துபோயிருந்தன. கோடு போட்ட நோட்டில் தேதியைக் குறித்துக்கொண்டாள்.

"மாத்திரை போட்டாச்சா?"

"போட்டாச்சு, போட்டாச்சு."

"மூச்சு வாங்குதா? படபடப்பு?"

"மாடி ஏறினா வாங்குது. என் பழைய பஸ்ஸே தேவலை."

"ராத்திரி நல்லா தூங்கினீங்களா?"

"நீ தூங்கினியா? குரலே சரியில்லையே."

அந்தக் கேள்விக்கு நோட்டில் இடமில்லை. காலையிலிருந்து அவளிடம் யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"எனக்கென்ன ஐயா, நல்லாத்தான் இருக்கேன்" என்று சமாளித்தாள்.

மறுமுனையில் அவர் செருமிக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லணும்மா. ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். கோவிச்சுக்கக் கூடாது."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். அவ்வளவுதான், இனிமேல் கூப்பிடாதே என்று சொல்லப்போகிறார்.

"சொல்லுங்க ஐயா."

"ஆராய்ச்சி முடிஞ்சுதுன்னு எனக்கு லெட்டர் வந்து மூணு மாசம் ஆச்சு. அந்த மாத்திரையால இதயத்துக்கு ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு அதுல போட்டிருந்துச்சு. மாத்திரையும் அந்த வாரமே தீர்ந்துபோச்சு."

அவளுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அவளுடைய வேலை போனதும் அதே வாரத்தில்தான். அவமானம் தாங்காமல் போனை வைத்துவிடப் பார்த்தாள்.

"வெச்சுடாதேம்மா!" என்றார் அவசரமாக. "நாளையிலேருந்து அந்தக் கேள்வியெல்லாம் வேண்டாம். சும்மாவே கூப்பிடு."