டீச்சர் அனுப்பிய இரண்டாவது கடிதம்

உருளைக்கிழங்குத் தோலை உரித்துக்கொண்டே அம்மா கேட்டாள்: "உங்க டீச்சர் லெட்டர் கொடுத்தாங்களாமே? படி, கேக்கலாம்."

மகள் கடிதத்தைப் பிரித்தாள்.

"'படிப்பில் சுமார். இன்னும் முயற்சி தேவை.' அவ்வளவுதாம்மா."

"வேற ஒண்ணும் எழுதலையா?"

"இருக்கிறதை முழுங்கிட்டா படிக்கிறேன்?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, கைப்பையிலிருந்து ஒரு தடித்த தாளை எடுத்தாள். "இது இன்னிக்கு என் ஆபீசுக்கு வந்தது. இதை நானே படிக்கிறேன்."

அந்தத் தாளில் மையெழுத்து ஒன்றுகூட இல்லை. மேடிட்ட புள்ளிகள்தான் இருந்தன. பிறவியிலேயே பார்வையில்லாத அம்மாவின் விரல் அவற்றின்மேல் மெல்ல நகர்ந்தது.

"'உங்கள் மகளிடம் முன்பு கொடுத்தனுப்பிய கடிதத்தில் எழுதியதுதான்: அவளுக்கு வெளியூர்க் கல்லூரியில் இலவசமாக இடம் கிடைத்திருக்கிறது. நீங்கள் அனுப்ப மறுப்பதாகச் சொல்கிறாள். நீங்களே படிக்க வேண்டும் என்றுதான் பிரெய்ல் கற்றுக்கொண்டேன். பிழையிருந்தால் மன்னிக்கவும்.'"

மகள் உடைந்து அழுதாள். "நான் போயிட்டா உனக்கு யாரும்மா இருக்கா?"

"போடி பைத்தியம்! நீ பிறக்கிறதுக்கு முன்னாடியே தனியா வேலைக்குப் போய் வந்தவ நான். நீ போய்ப் படி. வாரம் ஒரு லெட்டர் புள்ளியில எழுது, போதும்."

அம்மா பிரெய்ல் சட்டத்தில் புதுத் தாளைச் செருகி, புள்ளி குத்தும் ஊசியைக் கையில் எடுத்தாள்.

"யாருக்கும்மா?"

"உன் டீச்சருக்கு. ஏழு இடத்துல தப்பு விட்டிருக்காங்க." அம்மா முதல் புள்ளியைக் குத்தினாள். "ஆனா, உன் பள்ளிக்கூடத்திலேர்ந்து எனக்கு வந்த லெட்டரை நானே படிக்கிறது இதுதான் முதல் தடவை. நன்றி சொல்ல வேண்டாமா?"