மக்காச்சோளத் திட்டம் வெற்றி

மேசையின் தலைமாட்டில் வன அதிகாரி. அவருக்கு வலப்புறம் தீவனக்காரர். பின்சுவரில் மாட்டியிருந்த, கோடையில் மான்களுக்குச் சோளம் போடும் திட்டத்தின் தொடக்கவிழாப் படத்திலும் அவர் அதே வலப்புறம்தான். இடப்புறம் எழுத்தர். கதவோரம், ஆடுகிற நாற்காலியில் கால்நடை மருத்துவர்.

நடுவில் ஒரு கண்ணாடிப் புட்டி. அதற்குள் செத்த மானின் இரைப்பையிலிருந்து எடுத்த மக்காச்சோளம். புளித்த வாடை மூடியை மீறி வந்தது. அதிகாரி தேநீர்க் கோப்பையை மெல்லத் தம் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"பசியிலதான் செத்திருக்கும். இந்த வெயில்ல மேய என்ன இருக்கு?"

"பசி இல்ல சார். எலும்பை உடைச்சுப் பாத்தேன். மஜ்ஜை வெள்ளையா, கெட்டியா இருக்கு. பட்டினி கிடந்திருந்தா செவப்பாக் கூழாயிருக்கும்" என்றார் மருத்துவர்.

ஏழு மான்கள். ஏழும் வயிறு நிறைந்து செத்தவை. இலைதழையைச் செரிப்பது மானின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள். அவை தானியத்துக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும். திடீரென்று கொட்டினால் வயிறே அமிலமாகிவிடும். இதை மருத்துவர் மூன்றாம் முறையாகச் சொன்னார்.

"அப்ப நான் போட்டது விஷமா, டாக்டரம்மா?" என்றார் தீவனக்காரர்.

அதிகாரி திரும்பிப் படத்தைப் பார்த்தார். அதில் ஒரு மான் அவர் கையிலிருந்தே தின்றுகொண்டிருந்தது.

"அறிக்கையில எதை வேணா எழுதுங்க மேடம். சோளத்தைக் குறை சொன்னா மட்டும் என் கையெழுத்து விழாது."

காட்டில் இன்னும் அறுபது மான்கள். அடுத்த சோள லாரி நாளைக் காலை.

அப்போதுதான் மருத்துவருக்குப் பொறி தட்டியது.

"வெற்றின்னே எழுதுவோம் சார். திட்டம் முழு வெற்றி, ஒரு மான்கூடப் பட்டினியால சாகல, அதனால இங்க தீவனத்தை இன்னையோட நிறுத்தலாம்னு."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. தீவனக்காரரும் தலையாட்டினார். லாரி நின்றுபோகிற மனிதர் முணுமுணுக்கக்கூட இல்லையே என்பது மட்டும் மருத்துவருக்கு லேசாக இடித்தது.

எழுத்தர் தட்டச்சு செய்தார். அதிகாரி கையெழுத்திட்டார், கீழே மருத்துவரும். தலைமையகத்துக்கான உறையை மருத்துவர் தாமே ஒட்டி, அறுபது வயிறுகளுக்கும் சேர்த்து ஓர் அழுத்து அழுத்தினார்.

நிமிர்ந்தால், எழுத்தர் முன்னால் இன்னும் பதினோரு உறைகள்.

"இதெல்லாம் யாருக்கு?"

"மத்தக் காட்டு ஆபீசுக்கெல்லாம் மேடம். தோல்வின்னா ஒரு காப்பி போதும், ஃபைல்ல தூங்கும். முழு வெற்றின்னா எல்லாருக்கும் நகல் போகணும். 'இந்தத் திட்டத்தையே பின்பற்றவும்'னு போட்டு. அதான் நடைமுறை."

"ஐயோ, நிறுத்துங்க!"

"ஏன், பொய்யா எழுதியிருக்கோம்?" என்றார் அதிகாரி. "உங்க கையெழுத்தும் இருக்கே."

பதினோராவது உறையையும் எழுத்தர் பொறுமையாக ஒட்டி, முத்திரை குத்தி, தபால் பையில் போட்டார். பை வண்டியேறியது.

வாசலில் தீவனக்காரர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒரு லாரி எந்த மூலைக்குப்பா? பதினொண்ணு அனுப்பு."