திருப்பிக் கட்டிய படகு

“புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரவா இவ்வளவு டீசல்?” என்றார் எர்னி. படகு திரும்ப இடமில்லாத குறுகலான பர்மிங்ஹாம் கால்வாயில், மேவிஸின் வீட்டுப் படகுக்குப் பக்கத்தில் அவர் தன் படகைக் கட்டி இரண்டு நாள்தான் ஆகிறது.

மேவிஸ் தனியாகவே படகைக் கிளப்பி, தொழிற்சாலைகளுக்குப் பின்னால் வளைந்து வரும் கால்வாய்க் கிளையை ஒரு சுற்றுச் சுற்றி வந்திருந்தாள். படகின் மூக்கு இப்போது எதிர்த்திசையில் இருந்தது.

“கயிறைக் கொஞ்சம் பிடிங்கண்ணே.”

பிடித்தார். “ஏம்மா, உன் வீட்டுக்காரர் மகாராஜா மாதிரி உள்ளே படுத்திருக்காரா?”

“படுத்துத்தான் இருக்கார்.”

“கொடுத்து வெச்ச மனுஷன்.”

மேவிஸ் முடிச்சைப் போட்டுவிட்டு, கரைப்பக்கம் வந்திருந்த ஜன்னலைத் திறந்தாள். உள்ளே ஒருவர் அசையாமல் கிடந்தார். கண்கள் மட்டும் எர்னியைப் பார்த்தன.

“பக்கவாதம். ஒரு வாரமா எதிர்க்கரைச் சுவரையே பார்த்துட்டுக் கிடந்தார். கட்டிலைத் திருப்ப உள்ளே இடமில்லை. அதான் படகைத் திருப்பினேன்.”

எர்னி தன் படகுக்குப் போனார். தன் மடக்கு நாற்காலியோடு திரும்பி வந்து, ஜன்னலுக்கு நேரே போட்டு உட்கார்ந்தார்.

“நேத்து மேட்ச்ல நம்ம பசங்க மறுபடியும் மண்ணைக் கவ்வினாங்க, தெரியுமா சார்? முதல்லேர்ந்து சொல்றேன், கேளுங்க.”