வழிமொளிபவர்

“இந்த மனு செல்லாதும்மா” என்று ஏசுவடியான் தாளை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார்.

வேறு யாருடைய மனுவோ என்றுதான் முத்துமாரி முதலில் நினைத்தாள்.

அவளுடையதுதான். பி.எட். கல்லூரி ஆசிரியர்கள் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கு ராஜபாளையம் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் இன்றைக்குத் தேர்தல். செயலாளர் பதவிக்கு அவள் மனுப் போட்டிருந்தாள். மூன்று மணியோடு மனு வாங்குவது முடிந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றேகால்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஏசுவடியான்தான் தேர்தல் அதிகாரி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தேர்தல் விதிகள் அச்சிட்ட தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து ஏழாம் விதியை வாசித்தார். அடித்தல் திருத்தல் உள்ள மனு தள்ளுபடி.

முத்துமாரி மனுவைத் தன் பக்கம் திருப்பினாள்.

அவளுக்காகக் கையெழுத்துப் போட்டவனின் பெயருக்கு நேரே, அச்சில் ‘வழிமொளிபவர்’ என்றிருந்தது. அந்த ‘ளி’யைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். வட்டத்துக்கு மேலே, சிவப்பிலேயே, ஒரு ‘ழி’.

அவள் போட்டதுதான். எப்போது போட்டாள் என்றே நினைவில்லை.

அவளுடைய அம்மா இளையரசனேந்தல் பக்கம் கூலிக்குக் களை பிடுங்கியவள். வேலை முடிந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிற வழியிலும், அடுத்தவன் புஞ்சையில் கோரையைக் கண்டால் குனிந்துவிடுவாள். இதுக்கு எவன் கூலி கொடுப்பான் என்று அப்பா கத்துவார். கை கேட்டால்தானே. முத்துமாரிக்கும் அதே கைதான் வாய்த்தது. அவளுக்குக் கோரை இல்லை, எழுத்துப்பிழை. கல்யாணப் பத்திரிகையில் கண்டால்கூட விடமாட்டாள்.

“அச்சுப்பிழை சார். அதத்தான திருத்துனேன்.”

“பிழைய யாரும்மா திருத்தச் சொன்னா? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது.”

முன்வரிசையில் சங்கரசுப்பு சிரித்தார். பன்னிரண்டு வருடமாகச் சங்கத்தின் செயலாளர். இந்தத் தடவையும் அவர் நிற்கிறார். முத்துமாரி வேலை பார்க்கிற கல்லூரிக்கு முதல்வரும் அவர்தான்.

“வாத்திச்சி கையில செவப்புப் பேனா சும்மா கெடக்குமா வே?”

மண்டபமே சிரித்தது. சிரித்த பாதிப்பேர் சட்டைப் பையிலும் சிவப்புப் பேனா இருந்தது.

வேலைக்குச் சேருகிற அன்றைக்கே அசல் சான்றிதழ்களை வாங்கிக் கல்லூரி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். கேட்டால், அங்கன பத்திரமா இருக்கும்மா என்பார் சங்கரசுப்பு. சாவி அவர் இடுப்பில். முத்துமாரியின் எம்.எட். சான்றிதழ் உள்ளே போய் ஒன்பது வருடம் ஆகிறது. வேறு எந்த வேலைக்குப் போனாலும் அசலைக் காட்டச் சொல்வார்கள். அவளிடம் இருப்பது ஜெராக்ஸ். பல்கலைக்கழகத்தின் பொன் முத்திரை அதில் கரியை அப்பின மாதிரி கறுப்பாக விழுந்திருக்கும்.

செயலாளரானால் முதல் தீர்மானம் அதுதான். அவரவர் அசல் அவரவர் கைக்கு வரவேண்டும். இதைச் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறிக் கரிவலம்வந்தநல்லூர், வாசுதேவநல்லூர் என்று வாத்தியார்களின் வீடு வீடாக அலைந்தாள். நாற்பது பேர் தலையாட்டினார்கள். முன்மொழிய வாசுதேவநல்லூர்த் தோழி ஒருத்தி கிடைத்தாள். வழிமொழியக் கையெழுத்துக் கேட்டபோதுதான் எல்லாருக்கும் வேலை வந்துவிட்டது.

சுடலைராஜ் ஒருத்தன்தான் கையெழுத்துப் போட வந்தான். அவளிடம் படித்தவன். இப்போது அதே கல்லூரியில் அவளுக்கு அடுத்த நாற்காலியில் இருப்பவன். அவனுடைய அசலும் அந்தப் பீரோவில்தான் கிடந்தது. சங்க அலுவலகத்துக்குப் போய் அவளுக்குப் படிவம் வாங்கி வந்ததும் அவன்தான்.

“குடுக்கதுக்கு முன்னால ஒரு தடவ வாசிச்சுப் பாத்திருங்க மேடம்” என்றான் இன்று காலையில்.

அவளுக்குப் பெருமையாக இருந்தது. பரீட்சைத் தாளைக் கொடுக்குமுன் ஒருதடவை வாசித்துப் பார் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

“வேற ஃபாரம் தாங்க சார். ரெண்டே நிமிசத்துல எழுதித் தாரேன்.”

“மணி மூணோட முடிஞ்சிட்டும்மா.”

ஏசுவடியான் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு அறிவித்தார். செயலாளர் பதவிக்கு ஒரே மனு. சங்கரசுப்பு போட்டியின்றித் தேர்வு.

கைதட்டினார்கள். தலையாட்டிய நாற்பது பேரும் தட்டினார்கள்.

சங்கரசுப்புவின் மனு மேசையில் விரிந்து கிடந்தது. முத்துமாரியின் கண் பழக்கதோஷத்தில் அதன்மேல் ஓடியது. அதே படிவம். மேலே அதே சங்கத்தின் பெயர். கீழே அதே வரி.

வழிமொழிபவர்.

தலைவர் பதவிக்கு வந்திருந்த அடுத்த மனுவைப் பார்த்தாள். அதிலும் ‘ழி’. அதற்கடுத்ததை இழுத்துப் பார்த்தாள். அதிலும் ‘ழி’.

பிழையை அவளுக்கென்று தனியாக அச்சடித்திருந்தார்கள்.

அவள் திரும்பினாள். சுடலைராஜ் வாசலில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கவரை இடுக்கியிருந்தான். காலையில் அது அவனிடம் இல்லை.

படியிறங்கி வெயிலுக்குப் போனபோது கவருக்குள் பல்கலைக்கழக முத்திரை மினுங்கியது.

கறுப்பாக இல்லை.