குடும்பத் தலைவரின் சம்மதம்

தாம்பரம் கிளினிக்கின் அந்த அறையில் இருந்தவர்கள் டாக்டர் கைனாத், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் அசரியா, அவர் மனைவி ரத்தினபாய், மகன் ஜெர்சன்.

"பல்லாவரம் ஆஸ்பத்திரியில எடுத்த மூளை ஸ்கேனைப் பார்த்தாத்தான் மருந்து எழுத முடியும். அதை அவங்க எங்களுக்கு அனுப்ப, உங்க போனுக்கு வந்த மெசேஜ்ல சம்மதம்னு அழுத்துங்க சார்" என்றார் டாக்டர்.

அசரியா விறைப்பாக நிமிர்ந்தார். "மாட்டேன். எங்க வீட்டுப் பொம்பளைக்கு மறதின்னு கண்ட ஆஸ்பத்திரிக்கும் தெரியணுமா? சர்ச்ல பேசுறது பத்தாதா?"

"காலையிலயும் வேண்டாம்னு அழுத்திட்டீங்களேப்பா" என்றான் ஜெர்சன்.

"நானா?" அவருக்குக் குழப்பமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. "இவ விஷயத்துக்குக் குடும்பத் தலைவன்கிட்டதானே சம்மதம் கேட்பீங்க டாக்டர்?"

"இல்லை சார். யாருக்கு வைத்தியமோ அவங்க போனுக்குத்தான் அந்த மெசேஜ் வரும்."

அசரியா மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னங்க, எனக்கு மறதின்னு சர்ச்ல சொல்லி வச்சதே நான்தான். உங்களை யாரும் இளக்காரமாப் பேசிடக் கூடாதேன்னு..." என்றாள் ரத்தினபாய்.

அதை அவரும் நம்பிவிட்டிருந்தார்.

அசரியா போனை எடுத்துச் சம்மதத்தை அழுத்தினார்.

"ஞாயித்துக்கிழமை சர்ச்ல சொல்லணும். நான் மறந்துட்டா நீ சொல்லுடா ஜெர்சன். மறதி உங்கம்மாவுக்கு இல்லை, எனக்கு."