மூணு நாள் டிரெயினிங்

“மூணு நாள் டிரெயினிங்டா” என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் தம்பி வீட்டு சோபாவில் சரிந்தாள் அக்கா.

வங்கிகளைக் கண்காணிக்கும் ஆபீஸில் அவளுக்கு வேலை. நெருக்கடி வந்த இரண்டு வருடத்தில் ஐந்து வங்கிகளுக்குப் பூட்டுப் போட்டுவிட்டாள். ஒவ்வொரு தடவையும் ‘டிரெயினிங்’ என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த ஊரில் ஒரு ஷட்டர் இறங்கும். முன்னாடியே வாயை விட்டால் வேலை போய்விடும்.

இந்த ஊரில் இருப்பதே ஒரே வங்கி. மூக்குக்கண்ணாடிக் கடையை விற்ற மொத்தப் பணத்தையும் தம்பி அதில்தான் போட்டு வைத்திருந்தான்.

“எப்பவும் உங்க ஆளுங்களோட லாட்ஜ்லதானே தங்குவே?”

“இந்தத் தடவை தனியாத்தான் வந்திருக்கேன். உன்னைப் பாத்தும் நாளாச்சு.”

“நம்ம பேங்க் எப்படிக்கா?”

“நல்லாத்தான் இருக்கு. தூங்க விடுடா, கண்ணு எரியுது.”

தம்பி சமையலறைக்குள் நழுவினான். “பாவம், சொல்லவும் முடியலை, விடவும் மனசில்லை. அதான் இங்க வந்து தங்கியிருக்கு.”

“அண்ணி என்னமா நடிக்கிறாங்க” என்றாள் மனைவி. “கலர் கலரா மார்க்கர் பேனா வேற வாங்கி வெச்சிருக்காங்க.”

மறுநாள் வங்கி திறந்ததும் முதல் ஆளாக நின்று அத்தனையையும் எடுத்துவிட்டான். அவன் வெளியே மூச்சு விடவில்லை. மனைவி தன் தங்கச்சியிடம் மட்டும், அதுவும் யாரிடமும் சொல்லாதே என்றுதான் சொன்னாள். பதினோரு மணிக்கு வரிசை மருந்துக்கடையைத் தாண்டியது. இரண்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டைத் தொட்டது.

சாயங்காலம் அக்கா வந்தாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“கையில இருந்த பணமெல்லாம் காலி. மூணு மணிக்கு ஷட்டரை இறக்கியாச்சு.”

தம்பி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். குரலைத் தணித்துக்கொண்டான். “எனக்கு ஒரு பைசா போகலைக்கா. நீ வாயே திறக்காம புரிய வெச்சுட்டே. காலையிலேயே எடுத்துட்டேன்.”

டம்ளர் பாதியில் நின்றது. “முதல்ல எடுத்தது நீயா?”

“வேற யாரு? உன் தம்பியாச்சே.”

அக்கா டம்ளரை மெல்லக் கீழே வைத்தாள்.

“நான் நெஜமாவே கிளாஸ் எடுக்கத்தான்டா வந்தேன்.”