ஒரு புகாரும் இல்லை

இணையத் தொலைபேசி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் அன்று காலையிலிருந்து ஒரு மணியும் அடிக்கவில்லை. ஜன்னலில்லாத குளிரூட்டிய அறையில் பெண்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிரிவின் தலைவருக்கு இரட்டை நிம்மதி. இதய ஆபரேஷன் முடிந்து அவருடைய அப்பா வீட்டில் தனியாகப் படுத்திருந்தார். கட்டிலோரமாகத் தன் நிறுவனத்துப் போனையே மாட்டிக் கொடுத்திருந்தார் மகன்.

"பழைய போனே இருக்கட்டுமேடா."

"அதைத் தூக்கிப் போடுங்கப்பா. ஏதாவதுன்னா இந்தச் சிவப்புப் பட்டனை அமுக்குங்க. நேரா என் மேஜையில அடிக்கும்."

மேஜைப் போன் இதுவரை வாயே திறக்கவில்லை. அப்பா நன்றாகத் தூங்குகிறார் போலும்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "ஒரு புகார்கூட இல்லையாமே. சாதிச்சிட்டீங்க."

"நம்ம போன் அப்படி, சார்."

காவலாளி தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "சார், ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கணும். நீங்கல்லாம் உள்ள வந்ததுலேர்ந்து அதுலதான் ஓடுது. ஊர் பூரா கரண்ட் இல்லை."

வீட்டில் கரண்ட் போனால் தங்கள் போனும் செத்துவிடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

தலைவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார்.

மின்விசிறி நின்றுபோன அறையில் அப்பா வியர்வையில் நனைந்து படுத்திருந்தார். விரல் சிவப்புப் பட்டன் மேலேயே இருந்தது.

"அப்பா, நெஞ்சு வலிக்குதா?"

"அது அப்பவே தானா நின்னுடுச்சுடா," என்றார் அப்பா. "இப்ப விரல்தான் வலிக்குது."